வாசகர் கேட்டவை: பாரா தீவுக்குப் புறப்படுமுன்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளின் தென்கோடிக்கு அருகே மக்கள் குடியிருக்கும் பாரா பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: பாராவில் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குமாமே! அதில்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உண்மைதான். தீவின் வடக்கே உள்ள டிராய் வோர் என்ற அகன்ற கடற்கரைதான் விமான நிலையம். முக்கோணமாக மூன்று ஓடுபாதைகள். அவை எங்கே முடிகின்றன என்பதற்கு அடையாளம் மணலில் நட்ட மரக்கம்பங்கள் மட்டுமே. ஓதம் ஏறினால், அதாவது கடல்மட்டம் உயர்ந்தால், மூன்றும் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே விமான நேரத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது. இந்த வாரம் காலையில் வரும் விமானம் அடுத்த வாரம் பிற்பகலில் வரும். போன முறை போனவர்கள் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள், உங்கள் தேதிக்கான நேரத்தைப் பாருங்கள்.

கிளாஸ்கோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 19 பேர் அமரும் ட்வின் ஓட்டர் விமானம். குறைந்த தூரத்தில் இறங்கி ஏறக்கூடியது. இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் அதில் பொருத்திய எஞ்சின்களும் ஈர மணலை விட்டு உயரத்தில் இருக்கும். இந்த ரகத்தைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம்.

பலரும் மாட்டிக்கொள்வது திரும்பும் பயணத்தில். மூடுபனியோ பலத்த பக்கக்காற்றோ வந்தால் விமானம் ரத்தாகும். வானிலை தெளிவதற்குள் ஓதம் ஏறிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பாராவிலிருந்து கிளம்பும் அதே நாளில் கிளாஸ்கோவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள், நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். எங்களைக் கேட்டால் போக விமானம், வர ஃபெரி. தீவின் முக்கிய ஊரான காசில்பேயின் துறையிலிருந்து, ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் துறைமுகமான ஓபனுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நடந்து ஏறுபவர்களுக்கு இடம் பெரும்பாலும் கிடைக்கும். காரோடு போவதானால் கோடையில் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

விமானம் இறங்குவதைப் பார்க்க மட்டும் போவோருக்கு: காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் ஏறியிருந்தால் நிலையம் இயங்குகிறது என்று பொருள், மணலில் கால் வைக்கக் கூடாது. துணிப்பையை இறக்கிய பிறகு, கடல் வற்றியிருந்தால், உள்ளூர்க்காரர்கள் அங்கேதான் மட்டி பொறுக்குகிறார்கள்.

கேள்வி: தீவுக்குள் கார் அவசியமா?

பதில்: வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் நல்லது. மற்றவர்களுக்கு சைக்கிள் போதும். தீவைச் சுற்றும் சாலை 20 கிலோமீட்டர் அளவுதான். பஸ் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அதை நம்ப வேண்டாம்.

சாலை ஒற்றைத் தடம். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் தாண்டிப் போகாமல் அதற்கு நேரே, உங்கள் தடத்திலேயே நில்லுங்கள், எதிர்வண்டி அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் வருபவர் அவசரத்தில் இருந்தாலும் அங்கே ஒதுங்கி வழிவிடுவதுதான் முறை. ஃபோட்டோ எடுக்க அந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறவர்களைக் கண்டால் தீவுக்காரர்களுக்கு எரிச்சல் வரும், வராமல் என்ன செய்யும்?

கார் கிடைத்தால் தெற்கே வாட்டர்சே தீவு வரை ஓட்டுங்கள். 1991இல் போட்ட கடல்பாலச் சாலை இரண்டையும் இணைக்கிறது. அதற்கு முன் மாடுகளை இடைப்பட்ட கடலில் நீந்த வைத்துத்தான் கரை சேர்த்தார்கள். அங்கே மணல்மேட்டுக்கு இருபுறமும் முதுகோடு முதுகாக இரண்டு கடற்கரைகள். மேற்கே அட்லாண்டிக் அலை அறையும். குழந்தைகளைக் கிழக்குக் கரையில் இறக்குங்கள். வழியில் ஓடையோரம் கிடக்கும் உலோகத் துண்டுகள் 1944இல் மலையில் மோதிய காட்டலீனா கடல்விமானத்தின் மிச்சம்.

கேள்வி: ஹீவல் மலையில் பத்து வயதுப் பிள்ளை ஏறுமா?

பதில்: ஏறும். உயரம் 383 மீட்டர். காசில்பேயிலிருந்து கிழக்கே ஏறும் சாலையின் மேட்டில் காரை நிறுத்தினால் நடந்து ஏறுவதில் கால்வாசி உயரம் குறையும். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் வையுங்கள். செங்குத்தான புல்சரிவு, நடுநடுவே சதுப்பு. ஸ்னீக்கர் இறங்கும்போது வழுக்கும், கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வெள்ளைப் பளிங்கில் மாதா சிலை நிற்கிறது. களைத்தவர்கள் அங்கேயே உட்காரலாம், காசில்பே முழுவதும் தெரியும். உச்சியை மேகம் மூடியிருந்தால் ஏறவே வேண்டாம். பாதை தெளிவாக இல்லை, பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

கேள்வி: கடலுக்குள் நிற்கும் கிஸிமுல் கோட்டைக்குள் போக முடியுமா?

பதில்: துறையிலிருந்து ஐந்து நிமிடப் படகு. ஆனால் பராமரிப்புக்காக மூடப்படும் காலங்கள் உண்டு, கிளம்புமுன் விசாரியுங்கள். மெக்நீல் குலத்தலைவர் 2000இல் இதை அரசின் தொல்லியல் அமைப்புக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். வருட வாடகை ஒரு பவுண்டும் ஒரு பாட்டில் விஸ்கியும்!

கேள்வி: பஃபின் பறவைகளைப் பார்க்க எப்போது வர வேண்டும்?

பதில்: மே, ஜூன். ஜூலைக் கடைசியில் அவை கடலுக்குத் திரும்பத் தொடங்கிவிடும். பார்க்க ஏற்ற இடம், 1912இல் மக்கள் முழுதுமாக வெளியேறிய மிங்குலே தீவு. காசில்பேயிலிருந்து கோடையில் படகு போகும். இறங்குதுறை கிடையாது, ஆடும் படகிலிருந்து பாறையில் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்காமல் தீவைச் சுற்றிவரும் பயணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலை அடித்தால் பயணம் ரத்து. வந்த முதல் நாளே பெயர் கொடுத்தால்தான் ரத்தானாலும் மறுநாள் போக வாய்ப்பிருக்கும்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

பதில்: காசில்பேயில் பலசரக்குக் கடை இருக்கிறது, சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள். ஃபெரி வராத நாட்களில் ரொட்டியும் காய்கறியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அரிசி, பருப்பு, மசாலாவை கிளாஸ்கோவிலேயே வாங்கிவிடுங்கள். விமானத்தில் வருபவர்கள் வாங்குமுன் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.