ஹேண்ட் ஷவர் வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். குனிந்து மொண்டு ஊற்ற முடியவில்லை. ஹேண்ட் ஷவர் வாங்கலாம் என்று போனால், 400 ரூபாயிலிருந்து 5,000 வரை எடுத்துப் போடுகிறார்கள். எங்களுடையது மாடி இல்லாத வீடு, போர் தண்ணீர். கெய்சரும் சுவரில் மிக்ஸரும் இருக்கின்றன. ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதாக எதை வாங்கலாம் ஐயா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஷவரை விடுங்கள் அம்மா, முதலில் டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடி இல்லாத வீட்டில் டேங்க்குக்கும் தலைக்கு மேல் உள்ள ஷவருக்கும் நடுவே ஏழு அடி இருந்தாலே அதிகம். அது 0.2 பார்தான். என் கடைக்கு வந்து 'ஷவர் சரியில்லை' என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஷவர் சரியாகத்தான் இருக்கும்.

உட்கார்ந்து குளிப்பதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஷவரை மார்பளவில் பிடிக்கும்போது இன்னும் மூன்று, நான்கு அடி இறக்கம் கூடுகிறது, வேகமும் கூடும். எனவே அகலமான 'ரெயின்' வகையும், ஐந்து விதமாகத் தண்ணீர் அடிக்கும் வகையும் வேண்டாம். அவை பிரஷர் பம்ப் வைத்த வீட்டுக்கு. மூன்று, நான்கு அங்குல முகம், ஒரே விதமான தெளிப்பு, இலேசான ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடம்பு போதும். பித்தளைதான் உசத்தி என்பார்கள். வயதானவர் கைக்கு அந்தக் கனம் எதற்கு? ஓட்டைகளில் ரப்பர் முனை இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். போர் தண்ணீர் உப்பு அதில் படிந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். பிடிக்குள் தண்ணீரைக் குறைக்க ஒரு குட்டி பிளாஸ்டிக் வில்லை வரலாம். வேகம் போதவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம், வாஷரை எடுக்காதீர்கள்.

மிச்சம் பிடித்த காசை ஹோஸில் போடுங்கள். முதலில் உயிரை விடுவது அதுதான். ஒன்றரை மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் பித்தளை நட். பிளாஸ்டிக் நட் முறுக்கும்போதே விரிசல் விடும். வெளியே ஸ்டீல் சுற்றிய மலிவு ஹோஸ் உப்புத் தண்ணீரில் முனைப்பக்கம் துருப்பிடிக்கும். வழவழப்பான பிவிசி ஹோஸ்தான் என் ஓட்டு.

உங்கள் மிக்ஸரில் டெலிபோனிக் ஷவருக்கு (ஹேண்ட் ஷவரைத்தான் அப்படியும் சொல்வார்கள்) வாய் இருந்தால் அதில் நேராக மாட்டலாம். இல்லையென்றாலும் சுவரை உடைக்க வேண்டாம். மேலே இருக்கும் ஷவரைக் கழற்றி, அது மாட்டியிருந்த, சுவரிலிருந்து நீளும் குழாயிலேயே ஹோஸை முறுக்கலாம். பொதுவாக இரண்டும் அரை அங்குல மரைதான். டெஃப்லான் டேப் நாலு சுற்று சுற்றுங்கள். உயரத்திலிருந்து இறங்குவதால் ஹோஸ் மட்டும் இரண்டு மீட்டர் வேண்டும்.

அப்புறம், மாட்டுகிற ஹூக். ஐந்தடி உயரத்தில் அடித்துவிட்டுப் போகத்தான் பிளம்பர் பார்ப்பார். மாமியாரை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, அவர் கை எட்டும் இடத்தில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். டைல்ஸில் ஒட்டும் சக்ஷன் வகை வேண்டாம், உப்புப் படிந்த சுவரில் நிற்காது. துளை போட்டு ஸ்குரூ வைத்ததே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. கைப்பிடியிலேயே தண்ணீரை நிறுத்தும் பட்டன் உள்ளதை வாங்காதீர்கள், டாய்லெட் ஹெல்த் ஃபாசெட்டையும் இதற்கு மாட்டாதீர்கள். மிக்ஸர் திறந்திருக்க நுனியில் அடைத்தால் ஹோஸ் முழுதும் அழுத்தம் நிற்கும், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் உள்ளுக்குள் கலக்கும். மறுபடி திறக்கும்போது என்ன சூட்டில் வரும் என்று சொல்ல முடியாது. முதல் தண்ணீரை உங்கள் கையில் விட்டுப் பார்த்த பிறகே அவரிடம் கொடுங்கள்.

ஓட்டை அடைத்தால் முகத்தை வினிகரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட் பட்டால் குரோம் பூச்சு உரிந்துவிடும்.