மாதிரி எஞ்சின் பட்டறையும் வீட்டுத் தோட்டமும் ஒரே ஆளால் முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். வீட்டின் பின்புறம் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வைத்து நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்ய நெடுநாள் ஆசை. தோட்டம் போடவும் ஆசை. இருக்கிற இடமும் நேரமும் இரண்டுக்கும் போதுமா, அல்லது ஒன்றை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

எதையும் விட வேண்டாம். கோவையில் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒன்பது ஆண்டுகளாக இரண்டையும் செய்து வருகிறேன். துடியலூரைத் தாண்டி ஐந்து சென்ட் இடம். வீடு போக, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு பட்டறை. மீதியெல்லாம் செடி கொடி. இடமும் போதும், நேரமும் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைக்கக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு நல்ல பித்தளைச் சிலிண்டரைப் பறிகொடுத்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசியில் ஸ்டிர்லிங் எஞ்சின் ஒன்று செய்துகொண்டிருந்தேன். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816இல் கண்டுபிடித்த வகை அது. கொதிகலன் வேண்டாம், உள்ளே அடைபட்ட காற்று ஒரு முனையில் சூடாகி மறுமுனையில் குளிர்வதாலேயே ஓடும். ஸ்பிரிட் விளக்கின் சுடர்தான் அதற்கு மொத்தச் சக்தி. அதனால் பிஸ்டன் துளியும் இறுகக் கூடாது, காற்றும் கசியக் கூடாது. 20 மி.மீ. உள்விட்டமுள்ள மெல்லிய பித்தளைக் குழாயில் 45 மி.மீ. வெட்டி, வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைப் போட்டு மூன்று நாள் உட்புறத்தைத் தேய்த்தேன். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிஸ்டனை மேல்வாயில் விட்டு அடிவாயை விரலால் மூட வேண்டும். பிஸ்டன் அப்படியே காற்றின் மேல் உட்கார்ந்துவிடும். விரலை எடுத்தால் சர்ரென்று இறங்கிக் கைக்கு வந்துவிடும். அந்தப் பதம் வந்த மாலையில் சிலிண்டரைப் பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தக்காளி நாற்று நட வேண்டும், பாத்திகளில் தேங்கும் தண்ணீருக்கு வடிகால் வெட்ட வேண்டும். ஐந்து வாரம் பட்டறைப் பக்கமே போகவில்லை. அதற்கிடையில் நான் செய்த ஒரே காரியம், வெளியே நனைந்துகொண்டிருந்த, செடிகளுக்குத் தெளிக்கும் பஞ்சகவ்ய டிரம்மை உள்ளே நகர்த்தி அந்த அலமாரிக்கு நேர் கீழே வைத்தது.

மழை விட்டதும் சிலிண்டரை எடுத்துப் பிஸ்டனை விட்டேன். அடிவாயை மூடியும் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெயில் முக்கி எடுத்து, மேலே துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தடவி வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின்மேல் மயிரிழை போல ஈரக்கோடு ஒன்று எழுந்தது. ஒரு வாயிலிருந்து மறுவாய் வரை நீளவாக்கில் விரிசல். கீழே விழவில்லை, அடிபடவில்லை, யாரும் தொடவே இல்லை.

தொழிற்சாலையில் எனக்கு வேலை பழக்கிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். இப்போது எண்பதை நெருங்குகிறார். அவரை அழைத்துவந்து காட்டினேன். சிலிண்டரைக் கையில் வாங்குவதற்கு முன்பே வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

“தம்பி, இந்த அறையில் என்ன வைத்திருக்கிறாய்?”

டிரம்மைக் காட்டினேன்.

“அதுதான் உன் குழாயை உடைத்தது. பித்தளைக்கும் மாட்டு மூத்திரத்துக்கும் ஆகவே ஆகாது.”

அவர் சொன்னதற்குப் பின்னால் நம் மண்ணோடு சேர்ந்த ஒரு வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பதுண்டு. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் வெடித்திருக்கும். பருவத்தோடு வருவதால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், குளிர்நிலையிலேயே இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் பித்தளை தானாகப் பிளந்துவிடும். என் குழாயும் குளிர்நிலையில் இழுத்த குழாய்தான். பஞ்சகவ்யத்தில் கோமியம் இருக்கிறது, ஐப்பசியில் ஈரத்துக்கும் குறைவில்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய குதிரை லாயத்தை என் பட்டறைக்குள் நானே மறுபடியும் கட்டி வைத்திருந்தேன்.

அன்றே டிரம் தோட்டத்துக் கோடியில் தென்னையடிக்குப் போனது. இப்போது இழுத்த பித்தளையில் எது செய்தாலும், வெட்டியதும் பழைய மின்அடுப்புப் பெட்டியில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்ட பிறகே உட்புறத்தைத் தேய்க்கிறேன். உள்ளிருக்கும் இழுவிசை அதில் தணிந்துவிடும். பஞ்சகவ்யத்தைக் கைவிடவில்லை. நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் கலந்து தெளித்தால் என் கத்தரியும் வெண்டையும் காட்டும் தெளிச்சியை நான் கண்ணால் பார்க்கிறேன்.

உர மூட்டைகளையும் பட்டறையில் வைக்காதீர்கள். யூரியா, பொட்டாஷ் இரண்டும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்புச் சத்துள்ள அந்தத் தூள் லேத்தின் படுகையில் கொஞ்சம் படிந்தாலும் மறுநாள் செம்பழுப்புத் திட்டு. தொட்டி கழுவும் பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். டப்பா இறுக மூடியிருந்தாலும் அதன் வாயு கசியும். தோட்டத்தில் போட்டு நடக்கும் செருப்போடு பட்டறைக்குள் வரக் கூடாது. மண்ணிலுள்ள மணல் துகள் லேத்தின் சறுக்குப் பாதையில் ஏறினால் எமரித்தாளைப் போல அரித்துவிடும். மறுபக்கம் பட்டறைக் கழிவும் தோட்டத்துக்குப் போகக் கூடாது. இரும்புச் சீவல் செடிக்குச் சத்து என்று சொல்வார்கள். கட்டிங் ஆயில் ஊறிய சீவலை நான் ஒருநாளும் குப்பைக்குழியில் போட்டதில்லை, பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பருவமே பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆடிப்பட்டத்தில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் வடிகாலும் நாற்றும். அந்த மாதங்களில் லேத்துக்கு எண்ணெய் தடவி மூடிவிடுவேன். மார்கழி, தை இரண்டும் பட்டறைக்குத் தங்கமான மாதங்கள். கை வியர்க்காது, துருப் பயம் குறைவு. சித்திரை வெயிலில் தகரக்கூரையின்கீழ் பதினோரு மணிக்கு மேல் நிற்க முடியாது. அப்போது காலை ஆறரை முதல் ஒன்பது வரை மட்டும் கடைசல் வேலை, மாலையில் தண்ணீர் பாய்ச்சல். மாலைத் தோட்ட வேலைக்குப் பிறகு நுண்ணளவு வேலையைத் தொடுவதில்லை. கொத்து பிடித்த கை ஒரு மணி நேரமாவது லேசாக நடுங்கும். மைக்ரோமீட்டரில் அது தெரிந்துவிடும்.

தோட்டம் பட்டறைக்குச் செய்யும் உதவி ஒன்றும் இருக்கிறது. முக்கால் அங்குல உள்விட்டமுள்ள ஒரு செங்குத்து எஞ்சினுக்குத் தேக்கில் நானே அச்சு செதுக்கினேன். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூட்டிச் செதுக்க வேண்டும். சிறிய வார்ப்படப் பட்டறை ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார்கள். புது வார்ப்பை உடனே கடைந்தால் சில வாரம் கழித்து அளவு நகர்ந்துவிடும் என்பது பழைய ஆட்களின் அனுபவம். அதனால் அவர்கள் வார்ப்பை வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்துப் பழக விடுவார்கள். நானும் அந்தச் சிலிண்டர் கட்டையையும் அடித்தட்டையும் முருங்கை மரத்தடியில் ஓர் ஆண்டு போட்டுவைத்தேன். துருப்பிடித்து, மேலே முருங்கைப் பூ உதிர்ந்து கிடந்த அந்தக் கட்டையை எடுத்து முதல் வெட்டு விட்டபோது உள்ளே சாம்பல் நிறத்தில் பளிச்சென்று வந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

பட்டறையும் தோட்டத்துக்குச் செய்கிறது. களைக்கொத்தின் பிடி பிளக்காமல் இருக்கப் பித்தளைப் பூண் கடைந்து போட்டேன். தெளிப்பானின் மூக்குத்துளை தேய்ந்தபோது புதிதாகக் கடைந்து 1 மி.மீ. துளையிட்டேன். என் மனைவிக்குக் கீரை விதைக்க வரி போடும் உருளை ஒன்று. அரை அடிக்கு ஒரு வரி நேராக விழும். ஊர் முழுக்க என் லேத்தைப் பற்றித் தெரியாது. அந்த உருளையைப் பற்றித் தெரியும், நான்கு வீட்டுக்குச் செய்து கொடுத்தாகிவிட்டது.

கோவைக்காரர்களுக்கு இந்தச் சேர்க்கை புதிதும் அல்ல. ஜி.டி. நாயுடு 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியவர். அதே மனிதர் பருத்தி, சோளம், பப்பாளி என்று பயிர் ஆராய்ச்சியும் செய்தார். அவருடைய பண்ணையைப் பார்க்க சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரையாவும் வந்திருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு பசியும் ஒரே இடத்தில் தீர்வது கல்லாற்றில். மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த நிலையம். நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரப் பாதை அங்கேதான் தொடங்கிக் குன்னூர் வரை ஏறுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல்தண்டவாளம் தொடங்கியதும் அந்தச் சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்கு விட்டுப் பல்சக்கரங்களை ஓட்டுவார்கள். ரயில் அந்த இடத்தை நெருங்கும்போது ஓசையே மாறும், தாளம் இரட்டிக்கும். அதைக் கேட்டுவிட்டு அங்கேயே உள்ள அரசுப் பழப்பண்ணைக்கு நடந்துபோனால், பாக்கு மரங்களுக்கு நடுவே மங்குஸ்தானும் ஜாதிக்காயும் நிற்கும். மங்குஸ்தான் எங்கள் பக்கத்து வறண்ட காற்றில் தேறாது என்பதால் மிளகுக் கொடி மட்டும் வாங்கி வந்தேன். தென்னையில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

இனி நீங்கள் எங்கே தொடங்கலாம் என்பது. பெரிய எஞ்சினில் கை வைக்காதீர்கள். ஆடும் சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்யுங்கள். தனி வால்வு கிடையாது. சிலிண்டரே ஊசலைப் போல ஆடும். அதன் முகத்தில் ஒரு துளை, நிற்கும் கட்டையில் இரண்டு துளைகள். ஒரு பக்கம் சாயும்போது உள்வழியோடு பொருந்தும், மறுபக்கம் சாயும்போது வெளிவழியோடு பொருந்தும். இரண்டு முகங்களையும் கண்ணாடிமேல் எமரித்தாள் வைத்துத் தட்டையாகத் தேய்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பித்தளை, இரும்புத் துண்டுகள் எல்லாம் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். ஓட்டிப் பார்க்கச் சைக்கிள் பம்ப் காற்றே போதும்.

கொதிகலனை மட்டும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுங்கள். செய்யும்போது சாதாரண ஈயப் பற்று வேண்டாம், அது சூட்டில் இளகிவிடும். வெள்ளிப் பற்றுதான் வைக்க வேண்டும். நீராவி ஏற்றும் முன் உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்துச் சோதியுங்கள். தண்ணீர் அமுங்காது. பற்று விட்டால் பீய்ச்சி அடிப்பதோடு நின்றுவிடும். காற்றையோ நீராவியையோ வைத்து அந்தச் சோதனையைச் செய்தால் துண்டுகள் பறக்கும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிற பொருள் இது.

ஓய்வு பெற்றதும் லேத்தை வாங்க ஓடாதீர்கள். பட்டறையின் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். குப்பைக்குழிக்கும் உரத்துக்கும் அதற்கு எதிர்க்கோடியில் இடம் ஒதுக்குங்கள். ஆடியில் விதை போடுங்கள். மார்கழியில் லேத் வரட்டும். அளவிலோ வரைபடத்திலோ சந்தேகம் வந்தால் இந்தப் பதிலின்கீழேயே கேளுங்கள். இருட்டிய பிறகு, கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.