பரிசு யார் கொண்டுவருகிறார்? அங்கே தொடங்குங்கள்

வணக்கம். உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு நாட்டுக் கிறிஸ்துமஸை அட்டவணை போட்டுவிட்டு, 'நம்முடையதுதான் சரி, மற்றதெல்லாம் விநோதம்' என்று சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதுக்கு ஆறு நாடு அதிகம். மூன்று போதும், கேள்வியும் ஒன்று போதும்: பரிசு யார் கொண்டுவருகிறார், என்றைக்கு?

நெதர்லாந்தில் டிசம்பர் 5 மாலை சின்டர்கிளாஸ், அதாவது புனித நிக்கோலஸ். ஸ்பெயினில் ஜனவரி 5 இரவு, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள். ஐஸ்லாந்துதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய 13 இரவுகளில், இரவுக்கு ஒருவராகக் குறும்புக்காரர்கள் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். சேட்டை செய்த பிள்ளைக்கு உருளைக்கிழங்குதான் கிடைக்கும்! மூன்று நாட்டிலும் குழந்தைகள் பரிசுக்காக ஷூவை எடுத்து வைக்கிறார்கள். இதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். படங்களைப் பரப்பி வையுங்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

'ரஷ்யாவில் ஏன் ஜனவரி 7?' என்று யாராவது கேட்டால், அங்குள்ள திருச்சபையின் பழைய ஜூலியன் நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது என்றால் போதும்.

'விநோதம்' என்பதற்குத் திட்ட வேண்டாம். தங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றை, அதை முதன்முதலாகப் பார்க்கும் வெளியூர்க்காரர் எழுதுவதுபோல் எழுதச் சொல்லுங்கள்: 'இவர்கள் மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்கு மாட்டுகிறார்கள்!' அட்டவணையை அதற்கு அடுத்த நாள் போடலாம்.