ஓ அண்ட் எம் ட்ரெயினர் ஆகணும்னா ஆன்லைன் கோர்ஸ் மட்டும் போதுமா?

கேள்வி: நான் ஸ்பெஷல் எஜுகேஷன் டீச்சர். பார்வை போனவங்களுக்கு தனியா வெளிய போய்வர கத்துக்கொடுக்கற ஓ அண்ட் எம் (ஓரியன்டேஷன் அண்ட் மொபிலிட்டி) வேலைக்கு சர்டிஃபிகேட் வாங்கணும். ஆன்லைன்ல படிச்சா போதுமா? பார்வை இல்லாத என் ஃப்ரெண்டும் இதுக்கு வரலாமா?

பதில்: ஆன்லைன் மட்டும்னா போதாதுங்க. தியரிய வீட்லேர்ந்து படிக்கலாம், ஆனா இந்த வேலையே ரோட்லதான் இருக்கு.

ஓரியன்டேஷன் அண்ட் மொபிலிட்டில நிறைய பேர் சொல்ற சர்டிஃபிகேட் அமெரிக்காவுல ஏசிவிஆர்இபிங்கற அமைப்பு தர்ற சிஓஎம்எஸ். அதுக்கு ஒரு டிகிரி வேணும், ஓ அண்ட் எம் பாடங்கள முடிச்சிருக்கணும், 350 மணி நேரம் மேற்பார்வையில ப்ராக்டிகல் பண்ணணும், அப்புறம் எக்ஸாம். 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும். நீங்க வேலை பாக்கப்போற இடத்துல எத ஏத்துக்கறாங்கன்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

கோர்ஸ் தேடும்போது நான் மொதல்ல பாக்கறது, கண்ணக் கட்டிக்கிட்டு நம்மள எவ்ளோ நேரம் நடக்க விடறாங்கன்னுதான். கேன (பார்வையில்லாதவங்க வெச்சிருக்கற வெள்ளைக் குச்சிய) தோள் அகலத்தவிட கொஞ்சம் கூடுதலா வீசணும், வலது கால் முன்னாடி போறப்போ நுனி இடது பக்கம் தட்டணும், அதாவது அடுத்த கால் விழப்போற இடத்த கேன் முன்கூட்டியே பாத்துடும், இத புக்ல படிக்க ரெண்டு நிமிஷம், கைக்கு வர நாளாகும். ரெண்டாம் உலகப்போர்ல பார்வை போன சோல்ஜர்ஸுக்காக ரிச்சர்ட் ஹூவர் உருவாக்கின முறை இது, இன்னிக்கும் அடிப்படை இதான். ஜங்ஷன்ல நமக்கு இணையா போற வண்டிங்க கிளம்பற சத்தத்த வெச்சு கிராஸ் பண்ண சொல்லித்தருவோம், ஆனா ரவுண்டானாவுல அந்த சத்தம் தெளிவா கிடைக்காது, சில எலக்ட்ரிக் கார் மெதுவா வந்தா சத்தமே கேக்காது, இதையெல்லாம் ட்ரெயினர் காதால அனுபவிச்சிருந்தாத்தான் சொல்லித்தர முடியும்.

ப்ராக்டிகல்ல எல்லாரும் திணர்றது எங்க நிக்கறதுங்கறதுல. ஆபத்துனா எட்டிப்பிடிக்கற தூரத்துல இருக்கணும், அதே சமயம் ஸ்டூடண்ட் நம்ம காலடி சத்தத்த நம்பி நடக்கவும் கூடாது. அவர் தப்பான தெருவுல திரும்பினாலும் ஆபத்து இல்லன்னா வாயத் திறக்காதீங்க, அவரே கண்டுபிடிச்சு திரும்பி வரட்டும். டீச்சர்களுக்கு இதுதான் ரொம்ப கஷ்டம் (சொல்லித்தந்தே பழகின வாய்!).

உங்க ஃப்ரெண்ட் தாராளமா வரலாம். என்ஓஎம்சின்னு இன்னொரு சர்டிஃபிகேட் இருக்கு, அந்த வழில பார்வையில்லாத ட்ரெயினர்ங்க நிறைய பேர். ஸ்டூடண்டோட கேன் சத்தத்த வெச்சே அவர் எங்க இருக்கார்னு இந்த ட்ரெயினர்ங்க கண்டுபிடிச்சுடுவாங்க.

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி வேலைல இருக்கற ஒரு ட்ரெயினர்கிட்ட கேட்டு, அவர் கிளாஸ் எடுக்கறப்போ ஒருநாள் கூடவே போய் பாத்துடுங்க.