குடெக்கின் தித்திப்பு – கடிதம்

வணக்கம் சார்,

ஜூலையில் நானும் கணவரும் மாமியாரும் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலிருக்கும் யோக்யகர்த்தா போகிறோம். போரோபுதூர், பிரம்பனான் என்ற பழங்கோயில்களைப் பார்க்கத்தான். போய்வந்த தோழி ஒருத்தி, அந்த ஊரில் குழம்புகூட இனிக்கும், பலாக்காயை வெல்லம் போட்டுக் கெடுத்துவைத்திருப்பார்கள், பேசாமல் ஹோட்டலிலேயே சாப்பிட்டுக்கொள் என்கிறாள். கணவர் எல்லாம் சாப்பிடுவார். நான் முட்டை, கோழி வரை. மாமியார் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எங்களுக்கு அங்கே உள்ளூர்ச் சாப்பாடு ஏதாவது தேறுமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

நன்றாகவே தேறும். உங்கள் தோழி சாப்பிட்டது குடெக்காகத்தான் இருக்கவேண்டும், அதுவும் அதை மட்டும் தனியாக எடுத்துத் தின்று பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது. பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பால், தென்னங்கருப்பட்டி, மல்லி, பூண்டு, அரத்தை சேர்த்து மணிக்கணக்காக வேகவைப்பார்கள். கூடவே தேக்கிலையும் போடுவதால் அந்தச் செம்பழுப்பு நிறம் ஏறும். இனிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் தட்டில் அது தனியாக வராது. பக்கத்தில் கிரெச்செக் இருக்கும், மாட்டுத்தோலை மிளகாய் போட்டுக் காரமாகச் சமைத்தது. மேலே ஆரே என்கிற கெட்டித் தேங்காய்ப்பால், அப்புறம் சோறு, முட்டை, கோழி. இதையெல்லாம் ஒரே கவளத்தில் சேர்த்துப் பிசைந்தால்தான் அந்தத் தித்திப்பு எதற்கு என்று புரியும். கையால் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். கிரெச்செக் வேண்டாமென்றால் தட்டு வைக்கும்போதே சொல்லிவிடுங்கள், பதிலுக்குப் பச்சைமிளகாய் கடித்துக்கொள்ளலாம்.

இந்த இனிப்புக்குக் காரணம் டச்சுக்காரர்கள் காலத்துக் கரும்புத் தோட்டங்களும் சர்க்கரை ஆலைகளும்தான் என்று பலரும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் யோக்யாவையும் (யோக்யகர்த்தாவைச் சுருக்கி அப்படிச் சொல்வார்கள்) பக்கத்து ஊரான சோலோவையும் சுற்றி ஆலைகள் நிறைய இருந்தது உண்மை. ஆனாலும் எனக்கு அந்த விளக்கம் முழுதாகப் பிடிபடவில்லை, ஏனென்றால் குடெக் பானைக்குள் போவது கரும்புச் சர்க்கரை இல்லை, தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சியது. அதற்கு எந்த ஆலையும் தேவைப்படவில்லையே!

குடெக்குக்கு அரண்மனைக்குக் கிழக்கே விஜிலான் தெருவுக்குப் போங்கள், அந்தத் தெருவே குடெக் கடைகளுக்குப் பேர்போனது. நீர் வற்ற வற்ற வேகவைத்த உலர் வகை, குழம்பு தளதளவென்று இருக்கும் ஈர வகை என்று இரண்டு உண்டு. முதல் தடவைக்கு ஈர வகையைத்தான் சொல்வேன், தித்திப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும்.

மாமியார் விஷயம்தான் கவனமாக இருக்கவேண்டியது. குடெக் பலாக்காய்தானே என்று நம்பி வாங்கிக்கொடுத்துவிடாதீர்கள், பல இடங்களில் முட்டையும் கோழியும் அதே பானையில்தான் வேகும். தெராசி என்கிற இறால் விழுது சம்பல் என்னும் மிளகாய்த் துவையல்களில் சொல்லாமல் கொள்ளாமல் கலந்திருக்கும். அவருக்கு நான் சொல்வது லோத்தெக். நிலக்கடலை, மிளகாய், கச்சோலம், கருப்பட்டி எல்லாவற்றையும் நீங்கள் கேட்ட பிறகுதான் உங்கள் கண்முன்னாலேயே கல்லில் வைத்து நசுக்கி, வேகவைத்த கீரை, காய்களோடு கலந்து தருவார்கள், அதனால் 'தன்பா தெராசி' (தெராசி இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்பளம் மாதிரி ஒன்றை மேலே வைப்பார்கள், அதில் இறால் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தெம்பே பாசெம் கிடைத்தால் விடவேண்டாம். நொதித்த சோயாக்கட்டியைக் கருப்பட்டி, மல்லி சேர்த்துச் சுண்டவைத்துப் பொரிப்பது. மெராப்பி எரிமலையின் தெற்குச் சரிவில் காலியுராங் என்று குளிரான ஊர் இருக்கிறது, அங்கே இதைத் தேங்காய் சேர்த்து இடித்த ஒட்டரிசித் துண்டோடு வைத்துத் தருவார்கள், ஜாடா தெம்பே என்று பெயர். ஒரு கடி அது, ஒரு கடி பச்சைமிளகாய். எரிமலையையும் பார்த்த மாதிரி ஆயிற்று.

பழைய மாத்தாராம் அரசின் தலைநகராக இருந்த கோத்தாகெடேயில் கிப்போ என்று விரல் நீளத்துக்குப் பச்சை நிறத்தில் ஒரு பண்டம் உண்டு. ஒட்டரிசி மாவுக்குள் தேங்காயும் கருப்பட்டியும் வைத்து வாழையிலையில் சுடுவது. நம் பூரணக் கொழுக்கட்டையை ஆவிக்குப் பதில் கல்லில் போட்டால் எப்படியோ அப்படி. மாமியாருக்கு அந்த ஊர்மேல் நம்பிக்கை வருவது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கணவருக்கு சாத்தே கிளாத்தாக். ஊருக்குத் தெற்கே, இமோகிரி போகும் வழியில். ஆட்டுக்கறியைச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் கோத்து, மசாலா என்று பெரிதாக எதுவும் இல்லாமல் உப்போடு கரியடுப்பில் வாட்டுவார்கள். இரும்பு சூடேறிக் கறியை உள்ளிருந்தும் வேகவைக்கும். அப்படியே இமோகிரியில் சுல்தான்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வெடாங் உவுஹ் குடிக்கலாம். இஞ்சி, பதிமுகக்கட்டை, கிராம்பிலை, பட்டையிலை போட்ட சிவப்புக் கஷாயம், கற்கண்டோடு. குப்பையை அள்ளிப்போட்ட மாதிரிதான் இருக்கும் பார்க்க, குடித்தால் தொண்டைக்கு இதம்.

உங்களுக்கு பக்மி ஜாவா. கரியடுப்பில் ஒவ்வொரு தட்டாகச் சமைக்கும் நூடுல்ஸ், வாத்துமுட்டை, கோழிச்சாறு. கூட்டம் இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும், பசித்தபின் போகாதீர்கள். ராத்திரி தூக்கம் வராவிட்டால் துகு ரயில் நிலையத்துக்கு வடக்கே தெருவோரத்தில் கணகணவென்று எரியும் கரித்துண்டைக் காபிக்குள் போட்டுத் தருகிறார்கள். எனக்கென்னவோ அது ருசியைவிட வேடிக்கைதான்.

மாலியோபோரோ தெருவில் விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் உட்காராதீர்கள், விலையைக் கேட்டபிறகு ஆர்டர் கொடுங்கள். ஊருக்கு எடுத்துவர பாசிப்பயறு பூரணம் வைத்த பாக்பியா வாங்குவதென்றால் கிளம்பும் நாளில் வாங்குங்கள், சீக்கிரம் கெட்டுவிடும். எண்ணெயோ கொழுப்போ, எதில் செய்தது என்று மட்டும் மாமியாருக்காகக் கேட்டுவிடுங்கள்.