பிழையான விடையையும் வாசிக்க வேண்டும்

கேள்வி: தரம் 4 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். பாடம் முடிந்ததும் "விளங்கினதா?" என்று கேட்டால், எல்லோரும் "ஓம் டீச்சர்" என்கிறார்கள். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போதுதான் பலருக்கு விளங்கவில்லை என்பது தெரியவருகிறது. இதை முன்கூட்டியே அறிவது எப்படி?
– ஓர் ஆசிரியை, கொக்கட்டிச்சோலை

பதில்: பிள்ளைகளின் அந்த "ஓம்" பெரும்பாலும் மரியாதைக்காகச் சொல்லப்படுவது, அதைக் கணிப்பீடாகக் கொள்ள இயலாது. பாடம் முடிவதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன் ஒரேயொரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவரையும் கொப்பித்தாளில் பாதியைக் கிழித்துச் செய்து தரச் சொல்லுங்கள். அதற்குப் புள்ளி இட வேண்டாம். புள்ளி இட்டால் பிள்ளைகள் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தெழுதத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்குத் தேவையான பிழை மறைந்துபோகும்.

402இலிருந்து 178ஐக் கழிக்கக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். சரியான விடை 224. ஒரு பிள்ளை 376 என்றும் இன்னொரு பிள்ளை 234 என்றும் எழுதினால் பரீட்சையில் இருவருக்கும் பூச்சியம்தான். ஆனால் இருவருடைய சிக்கலும் ஒன்றல்ல. முதலாவது பிள்ளை, மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறினிடத்திலிருந்து பெற்றுப் பத்தினிடத்தை 10 ஆக்கிய பின், அதிலிருந்து ஒன்றை ஒன்றினிடத்துக்குக் கொடுத்தால் 9தான் மிஞ்சும் என்பதை மட்டும் தவறவிட்டிருக்கிறது. கழித்தலில் வரும் இத்தகைய பிழைகள் பல கவனக்குறைவால் வருபவையல்ல, பிள்ளை ஒரு தவறான முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்பதை ஜோன் சீலி பிரவுண், ரிச்சர்ட் பேர்டன் ஆகிய ஆய்வாளர்கள் 1978ஆம் ஆண்டிலேயே விரிவாகக் காட்டினார்கள்.

எனவே தாள்களைப் பிழையின் வகைப்படி பிரித்து வையுங்கள். பெரிய வகுப்பானாலும் அதற்கு அதிக நேரம் செல்லாது. 376 எழுதியவர்களுக்கு மறுநாள் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொடுத்து, இரண்டு ஈர்க்குகளிலிருந்து எட்டை எடுக்க முடியுமா என்று அவர்களையே செய்துபார்க்கச் சொல்லுங்கள். 234 எழுதியவர்களுக்கு அடிப்படையிலிருந்து தொடங்கத் தேவையில்லை. நூறு ஈர்க்குக் கட்டொன்றை அவிழ்த்துக் காட்டினால் போதும்.

புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்துப் பெற்றோர் புள்ளியைத்தான் கேட்பார்கள் என்பது உண்மையே. அவர்களிடம் இந்த அரைத்தாளைக் காட்டுங்கள். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது புள்ளிப் பட்டியலைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

மறுநாள் சரியாகச் செய்தவர்கள்கூட நேற்றைய நினைவில் செய்திருக்கலாம். ஆகவே இரண்டு கிழமைகள் கழித்து, 503இலிருந்து 267ஐக் கழிக்கக் கொடுத்து மீண்டும் பாருங்கள்.