"அக்கா, நீ சும்மா பின்னாடி நில்லு"

கேள்வி: எனக்கு 29 வயசு. தம்பி வேலைக்காக வேற ஊருக்குப் போனதுலேர்ந்து ராத்திரி ஒரு மணி நேரம் சேர்ந்து வேலரன்ட் (அஞ்சு பேர் ஒரு டீமா ஆடற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேம்) ஆடறதுதான் நாங்க பேசிக்கற நேரம். அவனும் அவன் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் கோல்டு, பிளாட்டினம் ரேங்க். எனக்கு இதுக்கு முன்னாடி எந்த ஷூட்டர் கேமும் தெரியாது. மூணு மாசமாச்சு, இன்னும் மேட்ச்சுக்கு மூணு நாலு கில்தான், டெத் மட்டும் பதினஞ்சு தாண்டுது. நான் செத்தா மைக்ல "ச்ச"ன்னு ஒரு சத்தம் வரும், தம்பி உடனே "பரவால்ல, அக்கா நீ சும்மா பின்னாடி நில்லு"ம்பான். அது இன்னும் கஷ்டமா இருக்கு. எல்லாரும் செத்து நான் மட்டும் மிச்சம் இருந்தா கை நடுங்குது. எனக்கு வயசாயிடுச்சா? நல்ல மவுஸ் வாங்கினா சரியாகுமா? இல்ல அவங்களுக்குப் பாரமா இல்லாம விலகிடட்டுமா?

(பேர் வேண்டாம்னு கேட்டிருக்கற வாசகி)

பதில்: முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன், இந்த மூணு மாசத்துல உங்க லெவல்ல இருக்கற ஆளுங்களோட ஒரே ஒரு மேட்ச்சாவது ஆடியிருக்கீங்களா? லெட்டரை மறுபடி மறுபடி படிச்சுப் பாத்தேன், எல்லாமே தம்பி செட்டோட ஆடினதுதான். அங்கதான் சிக்கல். வேலரன்ட்ல அயர்ன்லேர்ந்து ரேடியன்ட் வரைக்கும் ஒன்பது ரேங்க், அதுல கோல்டு நாலாவது, பிளாட்டினம் அஞ்சாவது. அஞ்சு பேரா சேர்ந்து மேட்ச்சுக்கு க்யூ போடறப்போ எதிர்ல யாரை விடறதுன்னு கேம் உங்க அஞ்சு பேரோட ரேட்டிங்கையும் வெச்சுத்தான் முடிவு பண்ணும், நாலு பேர் மேல இருந்தா எதிர் டீமும் மேலதான் வரும். ரேங்க் கணக்குல வராத அன்ரேட்டட் மேட்ச்னாலும் கண்ணுக்குத் தெரியாத ரேட்டிங் பின்னால ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆக நீங்க தினமும் சண்டை போடறது பல நூறு மணி நேரம் ஆடின ஆளுங்களோட. அங்க மூணு நாலு கில் எடுக்கறீங்கன்னா அது ஒண்ணும் கேவலம் இல்ல, நிஜமாவே சொல்றேன்.

விலகிடட்டுமான்னு கேட்டிருக்கீங்களே, வேண்டாம். தம்பியோட பேசற நேரம் அது, அதை ஒரு ஸ்கோர்போர்டுக்காக விட்டுக்கொடுக்காதீங்க. ஆனா வாரத்துல ரெண்டு மூணு நாள் தனியாவும் க்யூ போடுங்க. முதல் சில மேட்ச் மோசமாத்தான் போகும், உங்க ரேட்டிங் எங்க இருக்கணும்னு கேமுக்கே இன்னும் சரியா தெரியாது, போகப் போக உங்கள மாதிரி ஆளுங்க எதிர்ல வர ஆரம்பிப்பாங்க, அப்போதான் நீங்க எதுல முன்னேறியிருக்கீங்கன்னு உங்க கண்ணுக்கே தெரியும். இப்போ நடக்கறது என்னன்னா நீங்க சரியா செஞ்சாலும் சாகறீங்க தப்பா செஞ்சாலும் சாகறீங்க, எது சரின்னு கத்துக்க வழியே இல்ல.

அடுத்தது வயசு. 2014ல கனடாவுல சைமன் ஃப்ரேசர் யுனிவர்சிட்டி ஆளுங்க ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடற 3,305 பேரோட ஆட்டத்தை எடுத்து ஆராய்ஞ்சாங்க, 16லேர்ந்து 44 வயசு வரைக்கும் உள்ளவங்க. 24 வயசுலேர்ந்தே வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையுதுன்னு வந்துச்சு. இதை மட்டும் எங்கயாவது படிச்சுட்டு முடிஞ்சுபோச்சுன்னு உக்காந்துடாதீங்க, அதே ஆராய்ச்சியில வயசு கூடினவங்க ஆட்டத்தை எளிமையா வெச்சுக்கிட்டு அந்தக் குறையை ஈடுகட்டறாங்கன்னும் இருந்துச்சு. அது வேற வகை கேம்தான், இருந்தாலும் உங்க விஷயத்துக்கும் இதுதான் வழின்னு நான் நம்பறேன், ஏன்னா இந்த கேம்ல பாதி சண்டை ட்ரிகரை அழுத்தறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது.

அது எப்படின்னு கணக்கோடயே பாப்போம். ஹெவி ஷீல்டு வாங்கின ஆளுக்கு ஹெல்த் 100, ஷீல்டு 50, மொத்தம் 150. வேண்டல் துப்பாக்கியில தலையில பட்டா 160, உடம்புல பட்டா 40, கால்ல பட்டா 34. தலைன்னா ஒரு புல்லட்ல ஆள் காலி, உடம்புன்னா நாலு புல்லட் வேணும். வேண்டல் செகண்டுக்கு 9.75 புல்லட் சுடும், முதல் புல்லட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 0.3 செகண்ட் போயிடும், அதுவும் நாலும் பட்டாத்தான். இப்ப யோசிங்க, வயசால வர ரியாக்ஷன் வித்தியாசம் இதுக்குப் பக்கத்துலயே வராது. எதிராளி உங்களை விட வேகமான ஆளா இருக்கணும்னே அவசியம் இல்ல, அவரோட க்ராஸ்ஹேர் (ஸ்க்ரீன் நடுவுல இருக்கற குறி) ஏற்கனவே உங்க தலை வரப்போற இடத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்.

உங்க க்ராஸ்ஹேர் எங்க இருக்குன்னு நானே சொல்றேன் பாருங்க. ஓடறப்போ தரையைப் பாத்துக்கிட்டு இருக்கும். புதுசா ஆடறவங்க கிட்டத்தட்ட எல்லாருக்குமே இப்படித்தான், நடக்கறப்போ தரையைப் பாத்துப் பழகின கண்ணு இல்லையா. திடீர்னு ஆள் வந்தா மவுஸை மேலயும் தூக்கணும், பக்கவாட்டுலயும் நகத்தணும், ரெண்டு வேலை, பதட்டம் வேற, விரல் முதல்லயே அழுத்திடும், புல்லட் எல்லாம் காலுக்கும் இடுப்புக்கும் போகும். சந்தேகமா இருந்தா அடுத்த தடவை செத்தவுடனே வலது பக்கம் வர காம்பாட் ரிப்போர்ட்டைப் பாருங்க, யார் மேல எத்தனை புல்லட் பட்டுச்சு, தலையா உடம்பா காலான்னு தனித்தனியா போட்டிருக்கும். நீங்க அடிச்ச பக்கம் கால், உடம்புன்னே இருக்கும், உங்களை அடிச்சவர் பக்கம் தலை ஒண்ணு. ஸ்கோர்போர்டைப் பாக்கறத விட்டுட்டு இதைப் பாருங்க, உருப்படியான தகவல் இதுலதான் இருக்கு.

இதைச் சரி பண்ண எதிரியே தேவையில்ல. கஸ்டம் கேம் ஒண்ணு ஓபன் பண்ணுங்க, காலி மேப், ஸ்பான்லேர்ந்து (ரவுண்டு ஆரம்பிக்கற இடம்) சைட் (ஸ்பைக்ங்கற குண்டை வைக்கற இடம்) வரைக்கும் மெதுவா நடங்க. ஒவ்வொரு மூலையிலயும் அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தா அவர் தலை எங்க தெரியும்னு யோசிச்சு க்ராஸ்ஹேரை அங்க கொண்டுபோய் வெச்சுட்டு அப்புறம் மூலையைத் திரும்புங்க. சுவத்துல ஒரு கோடு, பெட்டியோட விளிம்புன்னு உயரத்துக்கு அடையாளம் வெச்சுக்கலாம். செவுத்தோட ஒட்டி நிக்காதீங்க, மூலையிலேர்ந்து தள்ளி நில்லுங்க, ஏன்னா மூலைக்குக் கிட்ட நிக்கறவரோட தோள் முதல்ல தெரிஞ்சுடும், தூரத்துல நிக்கறவர் ஒரு கணம் முன்னாடியே பாத்துடுவார். சும்மா ஒளிஞ்சு நின்னா சேஃப்புன்னும் நினைக்காதீங்க, நெட்வொர்க் தாமதம் காரணமா வெளிய வந்து எட்டிப் பாக்கறவருக்குத்தான் ஒரு சின்ன சாதகம், அதனாலதான் "நான் அவனைப் பாக்கவே இல்ல அதுக்குள்ள செத்துட்டேன்"னு தோணறது. ஒரே மூலையை விடாம முறைச்சுக்கிட்டு நிக்கறதை விட, ஒரு தடவை சுட்டீங்களா, இடத்தை மாத்துங்க.

சுடறப்போ நின்னு சுடுங்க. இந்த கேம்ல ஓடிக்கிட்டே சுட்டா புல்லட் எங்கெங்கயோ போகும், குறி சரியா இருந்தாலும் படாது. பக்கவாட்டுல நகர அழுத்தற ஏ, டி கீயை விட்டுட்டு கால் நின்ன அப்புறம் ரெண்டு மூணு புல்லட், அதுக்கப்புறம் மறுபடி நகருங்க. பயத்துல விரலை எடுக்காம இருபத்தஞ்சு புல்லட்டையும் காலி பண்ணிடறதுதான் எல்லாருக்கும் முதல்ல வர பழக்கம், அது போகக் கொஞ்ச நாள் ஆகும், டீம் இல்லாம ஆளாளுக்குத் தனியா சண்டை போடற டெத்மேட்ச்ல இதை மட்டுமே மனசுல வெச்சுக்கிட்டு ஆடுங்க, ஜெயிக்கறது தோக்கறதைக் கண்டுக்காதீங்க. வாரக் கடைசியில நாலு மணி நேரம் உக்காந்து ஆடறதை விட தினமும் பதினஞ்சு நிமிஷம் மேல்.

இப்ப தம்பி சொன்ன "பின்னாடி நில்லு"க்கு வரேன். அவன் பாசத்துல சொல்றான்னு தெரியுது, ஆனா பாதிதான் சரி. நீங்க ரொம்ப பின்னாடி நின்னா நாலு பேர் சாகறதை வேடிக்கை பாத்துட்டு கடைசில தனியா மாட்டிப்பீங்க, அதுதான் நடக்குதுன்னு நினைக்கறேன். பின்னாடி, ஆனா கிட்டயே. தம்பி மூலையைத் திரும்பறான்னா நீங்க அவனுக்கு ரெண்டு மூணு அடி பின்னாடியே வரணும், அவன் செத்தாலும் அவனைச் சுட்டவர் எந்த இடத்துல நிக்கறார்னு உங்களுக்குத் தெரியும், அவர் கவனம் தம்பி மேல இருக்கு, அந்த நொடியில நீங்க அவரை எடுத்துடலாம். இதுக்குப் பேர் ட்ரேட். பெரிய எய்ம் தேவையில்ல, கூடவே ஒட்டிப் போற பொறுமை போதும், புதுசா வந்த ஒருத்தர் டீமுக்குப் பண்ணக்கூடிய பெரிய உதவியே இதுதான், மைக்ல வர "ச்ச" சத்தமும் இதுலதான் குறையும்.

மினிமேப்ல உங்க ஐக்கானைச் சுத்தி ஓடறப்போ ஒரு வட்டம் வரும், கவனிச்சிருக்கீங்களா? உங்க காலடிச் சத்தம் எதிரிக்கு எவ்வளவு தூரம் கேக்கும்னு அது காட்டுது. ஷிஃப்டை அழுத்தி நடந்தா அந்த வட்டம் போயிடும். சைட்டுக்குக் கிட்ட போற வரைக்கும் ஓடலாம், அப்புறம் ஷிஃப்ட்.

காசு விஷயம் சுருக்கமா: டீம் சேவ் பண்றாங்கன்னா நீங்களும் சேவ், அவங்க வாங்கறாங்கன்னா நீங்களும். வேண்டல் 2,900, ஹெவி ஷீல்டு 1,000, அடுத்த ரவுண்டுல இந்த 3,900 கைல இருக்குமான்னு மட்டும் பாத்துக்குங்க.

நீங்க லெட்டர்ல ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, எல்லாரும் செத்து நீங்க மட்டும் மிச்சம் இருக்கறப்போ கை நடுங்குதுன்னு. நடுங்காம என்ன பண்ணும், நாலு பேர் உங்க ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு நாலு வழி சொன்னா யாருக்கா இருந்தாலும் மண்டை குழம்பும். தம்பிகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, நான் கடைசியா இருந்தா யாரும் பேசக்கூடாது, எதிரி எங்க இருக்கார்னு தெரிஞ்சா ஒருத்தர் ஒரு வார்த்தையில சொல்லலாம், அவ்வளவுதான். அப்புறம் ஸ்பைக் வெடிக்க 45 செகண்ட், அதை வெடிக்காம டிஃப்யூஸ் பண்ண 7 செகண்ட், பாதியில 3.5ல ஒரு தடவை நிறுத்தினாலும் அதுவரைக்கும் பண்ணது அப்படியே நிக்கும், திரும்பிப் போய் மிச்சத்தை மட்டும் முடிச்சாப் போதும். இது தெரியாமத்தான் பலபேர் முதல் சத்தத்துலயே விட்டுட்டு ஓடறாங்க. ஜெயிக்க வழியே இல்லன்னா ஓடி ஒளிஞ்சு துப்பாக்கியைக் காப்பாத்திக்கறதும் சரியான முடிவுதான், அதுக்கு யாரும் முகம் சுளிக்க முடியாது.

தனியா க்யூ போடறப்போ முன்பின் தெரியாத ஆளுங்க வருவாங்க, பொண்ணு குரல் கேட்டாலே வாய்க்கு வந்தபடி பேசற ஜன்மங்களும் அதுல உண்டு. அவங்களைத் திருத்தறது உங்க வேலை இல்ல, பதிலும் சொல்லாதீங்க. முதல் வார்த்தையிலயே ம்யூட், மேட்ச் முடிஞ்சதும் ரிப்போர்ட். டீம் வாய்ஸை மொத்தமாவே அணைச்சுட்டு பிங் போட்டே ஆடலாம், எதிரியைப் பாத்த இடத்தை மேப்ல காட்டினாப் போதும், பாதி தகவல் போயிடும். பார்ட்டி வாய்ஸ் தனி, அதனால தம்பியோட ஆடறப்போ டீம் வாய்ஸை மூடிட்டு அவனோட மட்டும் பேசிக்கலாம். மைக்கை எடுத்துட்டு ஆடறது தோல்வின்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

மவுஸ் இப்ப வாங்காதீங்க. இருக்கற மவுஸ்லயே சென்சிட்டிவிட்டியைக் குறைங்க. ப்ரோ ஆளுங்க நிறைய பேர் டிபிஐயையும் (மவுஸோட சொந்த வேக அளவு) கேம்ல இருக்கற சென்சிட்டிவிட்டியையும் பெருக்கினா 200லேர்ந்து 400க்குள்ள வர மாதிரி வெச்சிருக்காங்க. 800 டிபிஐன்னா 0.35 வெச்சுப் பாருங்க, 280 வரும், மவுஸை ஏறக்குறைய ஒரு முழம் நகத்தினா கேம்ல ஒரு முழு சுத்து. முதல் ரெண்டு நாள் எருமை மாதிரி அசையுதேன்னு எரிச்சலா இருக்கும், மணிக்கட்டுல இருந்த வேலை முழுக்கைக்கு மாறுது இல்லையா, ஆனா தலை உயரத்துல க்ராஸ்ஹேர் ஆடாம நிக்கும். காசு செலவு பண்ணியே ஆகணும்னா பெரிய மவுஸ் பேடா வாங்குங்க. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்னா (செகண்டுக்கு 144 தடவை படம் மாத்தறது) விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அது நிஜமா 144ல இருக்கான்னும் பாத்துடுங்க, 60லயே விட்டு வெச்சுட்டு வருஷக்கணக்கா ஆடறவங்க இருக்காங்க.

கடைசியா தம்பிகிட்ட ஒரு விஷயம் கேளுங்க, வெக்கப்படாம கேளுங்க. வாரத்துல ஒரு நாள் ஃப்ரெண்ட்ஸ் இல்லாம நீங்க ரெண்டு பேர் மட்டும் கஸ்டம் கேம். அவன் ஒவ்வொரு மூலையா போய் நிக்கட்டும், நீங்க தலை உயரத்துல க்ராஸ்ஹேரை வெச்சுக்கிட்டே திரும்புங்க, அப்புறம் இடம் மாத்திக்குங்க, ஏன் அந்த இடத்துல நின்னான்னு அவனையே சொல்லச் சொல்லுங்க. கஸ்டம் கேம்ல இருக்கற சீட்ஸ்ங்கற ஆப்ஷனை ஆன் பண்ணிட்டா டைமரை நிறுத்தி வெச்சுக்கலாம், புல்லட்டும் தீராது, பேசிக்கிட்டே எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆடலாம்.